பாத்தியும் பக்கமும்

நுழையும்முன்

கவிதையும் கதையும் சிலருக்கு மட்டும் திடீரென வாய்க்கும் வரம் என்று எண்ணுவோர் உண்டு. அன்றாட வாழ்வுக்கும் படைப்புக்கும் தொடர்பில்லை என்று கருதுவோரும் உண்டு. வீட்டுத் தோட்டத்தில் பல ஆண்டுகள் உழைத்த எழுத்தாளர் ஒருவர், ஆடி முதல் ஆனி வரையிலான ஓராண்டின் வழியே இவ்வெண்ணங்களை ஆராய்கிறார். பருவங்களை அறிந்து வாழ்வது, படைக்கும் மனத்துக்கு எதைக் கற்றுத்தருகிறது என்பதே இக்கட்டுரையின் மையக்கருத்து.

பொழுதே முதற்பொருள்

தமிழர் கவிதைக்கு இலக்கணம் வகுத்தபோது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றைக் கண்டனர். இவற்றுள் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். மனித உணர்வாகிய உரிப்பொருளைச் சொல்வதற்கு முன், அது எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் நிகழ்கிறது என்பதைக் கவிஞன் அறிந்திருக்க வேண்டும் என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. காத்திருத்தல் என்னும் உணர்வுக்குக் கார்காலமும் மாலையும் பொருந்தின. பிரிவுக்கு வேனிலும் நண்பகலும் பொருந்தின. உணர்வு வானத்திலிருந்து தனியே இறங்கி வருவதில்லை. மழையோடும் வெயிலோடும் பனியோடும் சேர்ந்தே அது மனத்தில் முளைக்கிறது என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் மரபு, கார்காலத்தை முதலில் வைத்து எண்ணியது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பள்ளியில் இதை நான் மனப்பாடமாகத்தான் படித்தேன். வீட்டின் பின்புறம் நான்கு பாத்திகள் கட்டி, கையில் மண் ஒட்டிய பிறகே இப்பகுப்பின் பொருள் எனக்கு விளங்கத் தொடங்கியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கினார் என்பதை நாம் வியந்து படிக்கிறோம். அந்த வியப்பின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. பெயர் தெரிய வேண்டுமானால் பார்த்திருக்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் அந்தந்தப் பருவத்தில் அந்தந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். மொழிவளம் என்பதன் முதல் பாடம் இதுவே.

அவரையின் கணக்கு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. பெரும்பொழுதுக் கணக்கில் ஆடி முதுவேனிலின் இறுதி மாதம். அதாவது, கார் வருவதற்கு முன்பே, காற்று வீசிப் புழுதி பறக்கும் நாளிலேயே உழவர் விதைக்கத் தொடங்கிவிடுகின்றனர். மழை வந்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருப்பவருக்குப் பருவம் தவறிவிடும். எழுதுவதும் இத்தகையதே. மனம் நிறைந்து சொற்கள் பெருகும் நாளுக்காகக் காத்திருப்பதைவிட, வறண்ட நாளிலேயே நான்கு வரிகளைக் குறித்து வைப்பது நல்லது. மழை வரும்போது முளைப்பதற்கு மண்ணுக்குள் ஏதேனும் இருக்க வேண்டும்.

என் பாத்தியில் ஆடிதோறும் புடலை, பீர்க்கு, பாகல், அவரை ஆகியவற்றின் விதைகளை ஊன்றுவது வழக்கம். பாகல் விதையின் தோல் தடிப்பானது. அதனை நீரில் ஊறவைத்து ஊன்ற வேண்டும். கத்தரி, மிளகாய் விதைகள் சிறியவை. அவற்றை நாற்றங்காலில் தூவி, ஒரு மாதம் கடந்து நாற்று தேறிய பிறகே பிடுங்கி நட வேண்டும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு வழி உண்டு. இவற்றுள் என்னை மிகுதியும் சிந்திக்க வைத்தது அவரை.

பழைய கொடியவரை வகைகளுக்கு ஓர் இயல்பு உண்டு. பகல் குறுகி இரவு நீளும் காலத்தில்தான் அவை பூக்கும். ஆடியில் விதைத்தாலும், அதற்குப் பல வாரங்கள் முன்பே விதைத்தாலும், பந்தல் முழுவதும் கொடி படருமே தவிரப் பூ வராது. எருவிட்டாலும் நீரூற்றினாலும் அது தன் கணக்கை மாற்றிக்கொள்ளாது. அண்டை வீட்டுப் பாகல் காய்த்து ஓய்ந்துவிடும். அவரைப் பந்தலோ வெறும் இலையாக நிற்கும். பின்னர்க் குளிர் தொடங்கி இரவு நீண்டதும், ஊதாவும் வெள்ளையுமாகப் பூங்கொத்துகள் நிமிரும். முன்பனிக்காலம் முழுவதும் பறித்து மாளாது. எல்லாப் பருவத்திலும் காய்க்கும் குத்தவரை வகைகள் இன்று பரவலாக உள்ளன. அவற்றின் பயன் பெரிது. எனினும், பந்தலவரை தரும் பாடத்தை அவை தருவதில்லை.

பதினோராம் வகுப்பில் இருக்கும் உங்களுள் சிலர், தம்மோடு படிப்பவர் பேச்சிலோ எழுத்திலோ ஓவியத்திலோ பரிசு பெறுவதைக் கண்டு, நமக்கு எதுவும் வரவில்லையே என்று மனம் குன்றியிருக்கலாம். கொடி படரும் காலத்தைப் பூவில்லாக் காலம் என்று மட்டும் எண்ணுவதால் வரும் துயரம் அது. இலையும் தண்டும் சேர்த்துவைத்த உணவே பின்னர்ப் பூவாகவும் காயாகவும் மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006இல் பூத்த மலைச்சரிவுகள் மீண்டும் 2018இல் நீலமாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்செடிகள் சும்மா இருக்கவில்லை, வளர்ந்துகொண்டிருந்தன.

ஆயினும், காத்திருத்தலைச் சோம்பலுக்குப் பெயராக்கிவிடக் கூடாது. அவரைக்குப் பந்தல் போட வேண்டும். கொடியை ஏற்றிவிட வேண்டும். அசுவினி ஒட்டிய நுனிகளைக் கிள்ளியெறிய வேண்டும். பூக்கும் நாள் நம் கையில் இல்லை. பூக்கும் நாள்வரை செய்ய வேண்டிய வேலை நம் கையில் இருக்கிறது. எழுத விரும்புவோர்க்கு அவ்வேலை நாள்தோறும் படிப்பதும், கண்டதைக் குறித்து வைப்பதும், எழுதியதைத் திருத்துவதுமாகும்.

மழை சொல்லும் அளவு

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. கூதிர்காலத்தில் தோட்டக்காரரின் வேலை நீர் பாய்ச்சுவதிலிருந்து நீரை வடிப்பதற்கு மாறுகிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்று இருக்கும் வரையில்தான் வேர் மூச்சுவிடும். நீர் தேங்கினால் அவ்விடைவெளிகள் அடைபடும், வேர் அழுகும், நனைந்து நிற்கும் செடியே வாடும். கோடையில் நீரின்மையால் வாடுவதற்கும் மழையில் நீர் மிகுதியால் வாடுவதற்கும் இலையின் தோற்றம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பது வியப்புக்குரியது.

இக்காலத்து மனத்துக்கும் இது பொருந்தும். கைப்பேசியின் வழியே செய்தியும் காட்சியும் கருத்தும் இடைவிடாது பொழிகின்றன. அறிவின்மையால் மனம் வறள்வது ஒருவகை. வடிகாலின்றித் தகவல் தேங்கி மூச்சுத்திணறுவது இன்னொருவகை. இவ்விரண்டாம் வறுமையை நாம் எளிதில் அடையாளம் காண்பதில்லை. மண்புழு மண்ணைத் துளைத்து வழி செய்வதுபோல், படித்ததை அசைபோடும் தனிமை நேரம் மனத்தில் சிறு வழிகளைச் செய்கிறது. மழை நாளில் சன்னல் ஓரம் அமர்ந்து எதையும் பார்க்காமல், எதையும் கேட்காமல் இருக்கும் அரைமணி நேரம் வீணான நேரமன்று.

முறிந்த கிளையின் துளிர்

பருவம் எப்போதும் கருணையோடு வருவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், காவிரிப் படுகை மாவட்டங்களிலும் புதுக்கோட்டைப் பகுதியிலும் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தென்னை நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பெற்றோர் நட்டதைப் பிள்ளைகள் பறித்த தோப்புகள் ஓரிரவில் தரையாயின. தோட்டத்தைப் பற்றி எழுதும்போது பசுமையை மட்டும் எழுதுவது எளிது. அழிவையும் எழுதாத எழுத்து, மண்ணை அறிந்த எழுத்தாகாது.

தென்னை சாய்ந்தால் மீளாது. அதன் வளர்நுனி ஒன்றே ஒன்று, உச்சியில் இருக்கிறது. முருங்கை அவ்வாறன்று. காற்றில் எளிதாக முறியும் மரம் அது. முறிந்த அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்க்கும். முறிந்த கொம்பைப் போத்தாக நட்டாலும் வேர்விடும். இரண்டு மரங்களும் ஒரே காற்றை எதிர்கொள்கின்றன. அவற்றின் மீட்சி வேறுபடுகிறது. மனிதர்க்கும் சில இழப்புகள் தென்னையைப் போன்றவை, அவற்றுக்கு ஈடில்லை, புதிதாகத்தான் நட வேண்டும். சில இழப்புகள் முருங்கையைப் போன்றவை. அடியில் உயிர் இருக்கிறது. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே அறிவு. புயலுக்குப் பின்னும் தென்னங்கன்று நட்டவர்கள், ஏழு ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு நாளை நம்பினார்கள். அந்த நம்பிக்கையும் படைப்புதான் என்பேன்.

கவாத்து

கார்த்திகையில் மல்லிகைக்குக் கவாத்துச் செய்வர். நிலத்திலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரம் விட்டு மேலுள்ள கிளைகளை வெட்டிவிடுவர். அறியாதவர் கண்ணுக்குச் செடியை அழிப்பதுபோலத் தோன்றும். ஆனால் மல்லிகை புதிய தளிர்க்கிளைகளில்தான் மிகுதியாக அரும்பு விடும். பழைய கிளைகளை அப்படியே விட்டால் புதர் பெருக்கும், பூ குறையும். வெட்டிய செடி பனிக்காலத்தில் துளிர்த்து, மாசி, பங்குனியில் அரும்பத் தொடங்கி, வேனிலில் மணக்கும்.

எழுதியதைத் திருத்துவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. முதற்படியில் நாம் எழுதும் வாக்கியங்கள் பலவும் நமக்கு இனியவை. அவற்றை நீக்க மனம் வராது. ஒரே கருத்தை மூன்று முறை சொல்லியிருப்போம். உவமைக்கு மேல் உவமை அடுக்கியிருப்போம். அவற்றை நீக்கினால்தான் சொல்ல வந்தது வெளிச்சம் பெறும். ஆனால் கவாத்துக்கும் காலம் உண்டு. அரும்பு விட்ட செடியை எவரும் வெட்டுவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வரியாக அடித்துத் திருத்துபவர், அரும்பும் கிளையை வெட்டுபவர். முதலில் முழுவதும் எழுதுக. சில நாள் ஆறவிடுக. பின்னர்க் கத்தரிக்கோலை எடுக்க.

வாசலில் ஒரு கலை

மார்கழியில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணத்தில் பூசணிப்பூவைச் செருகி வைப்பது தமிழகச் சிற்றூர்களின் வழக்கம். பூசணிக்கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரியும்; ஆண்பூ நீண்ட காம்பில் நிற்கும். ஆண்பூக்களே எண்ணிக்கையில் மிகுதி. கோலத்துக்குப் பூப்பறிக்கும் பெண்கள் பிஞ்சுள்ள பூவைத் தொடுவதில்லை. வண்டுக்கென்று சில ஆண்பூக்களையும் விட்டுவைப்பர். அழகுக்காகப் பறிக்கும் கை, விளைச்சலையும் வண்டையும் நினைக்கிறது. தாவரவியல் பாடத்தில் மகரந்தச் சேர்க்கை என்று நாம் படிப்பது, வாசற்படியில் வழக்கமாக நிலவி வந்திருக்கிறது.

கோலத்தைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். விடியலில் இட்ட கோலம், கால்பட்டும் காற்றுப்பட்டும் மாலைக்குள் கலைந்துவிடும். அரிசிமாவை எறும்பு தின்னும். கலையும் என்று தெரிந்தே புள்ளி பிசகாமல் இடுகிறார்கள். மறுநாள் வேறொன்றை இடுகிறார்கள். எவரும் கையெழுத்திடுவதில்லை. படைப்பு என்றால் நூலாக வர வேண்டும், மேடையேற வேண்டும், பாராட்டுப் பெற வேண்டும் என்று எண்ணுவோர் இந்த வாசலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சமையலில் தாளிக்கும் பக்குவம், தொட்டிலை ஆட்டும்போது வாய்க்கு வந்தபடி கட்டும் தாலாட்டு, பந்தலுக்குக் கயிறு கட்டும் முடிச்சு எனப் பெயரில்லாத படைப்புகளால் ஆனது நம் அன்றாடம்.

எழுதியவர்கள், நட்டவர்கள்

மண்ணோடு பழகிய எழுத்தாளர் உலகெங்கும் உண்டு. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக், தோட்டக்காரரின் ஓராண்டைப் பற்றி மாதம் மாதமாக எழுதிய நகைச்சுவை நூல் 1929இல் வெளிவந்தது. அதற்குப் படம் வரைந்தவர் அவர் தமையன் யோசப். இலையுதிர்ந்து வெறுமையாக நிற்கும் கிளையிலேயே அடுத்த வசந்தத்தின் மொட்டுகள் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன என்பதை அவர் அதில் உணர்த்துகிறார். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பள்ளிப் பருவத்தில் 424 தாவரங்களைச் சேகரித்து, உலர்த்தி, ஒட்டித் தொகுப்பாக்கினார். ஏறத்தாழ 1,800 கவிதைகளை எழுதிய அவரது வாழ்நாளில் அச்சேறியவை பத்து அளவே. ஊரார் பலர் அவரைக் கவிஞராக அறியாமல், பூச்செடி வளர்ப்பவராகவே அறிந்திருந்தனர். இரவீந்திரநாத தாகூர் 1928இல் சாந்திநிகேதனில் மரம் நடுதலை ஒரு விழாவாகவே தொடங்கி வைத்தார். அவருடைய இயற்கைப் பாடல்கள் ஆறு பருவங்களின் அடிப்படையில் தொகுக்கப்பட்டுள்ளன.

இவர்கள் மூவரும் வெவ்வேறு நாட்டவர், வெவ்வேறு மொழியினர். செடியை உற்றுநோக்கும் கண்ணும் சொல்லை உற்றுநோக்கும் கண்ணும் ஒன்றே என்பதற்கு மூவரும் சான்று. உலர்ந்த இலையின் நரம்பை எண்ணிப் பழகியவருக்கு, ஒரு சொல்லின் நிறைகுறை எளிதில் புலப்படும்.

வேனிலும் விதையும்

பின்பனி முடியும்போது வேம்பு இலையுதிர்க்கும். பத்து நாளில் செந்தளிர் விட்டு, பங்குனி, சித்திரையில் பூக்கும். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேரும் பச்சடியில், கசப்பும் இனிப்பும் புளிப்பும் ஒரே கரண்டியில் வருகின்றன. ஆண்டின் தொடக்கத்திலேயே கசப்பையும் சுவையென ஏற்ற பண்பாடு நமது.

முதுவேனிலில் பாத்திகள் காய்கின்றன. அப்போதுதான் தோட்டத்தின் மிக முதன்மையான வேலை நடந்து முடிந்திருக்கும். கொடியில் வந்த திரண்ட காயொன்றைக் கறிக்குப் பறிக்காமல் விதைக்கென விடுவது அவ்வேலை. புடலை சிவந்து பழுக்கும் வரை விட வேண்டும். பீர்க்கு காய்ந்து, ஆட்டினால் விதை ஒலிக்கும் வரை விட வேண்டும். கத்தரியை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். சுரைக்குடுக்கையிலும் மண்கலயத்திலும் இவற்றைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எவ்விதை எவ்வீட்டிலிருந்து வந்தது என்பது அவர்கள் நினைவில் இருந்தது. கொடுத்த விதை தவறிப்போனால், கொடுத்தவரிடமிருந்தே மீண்டும் பெற முடியும். பகிர்ந்ததால்தான் விதை பிழைத்தது.

இன்று பல வீடுகளில் கொல்லைப்புறம் சிமெண்டுத் தளமாகிவிட்டது. ஒரு பாத்தி மறையும்போது ஒரு கொடி மட்டும் மறைவதில்லை. அக்கொடியின் விதையும், அதை ஊன்றும் நாளும், அதைப் பற்றிய சொற்களும் சேர்ந்தே மறைகின்றன. பட்டம், நாற்றங்கால், போத்து, கவாத்து, வரப்பு, வடிகால் ஆகிய சொற்கள் அகராதியில் இருக்கலாம். ஆனால் கையும் மண்ணும் சேராத வீட்டில் அவை பேச்சில் இருப்பதில்லை. பேச்சில் இல்லாத சொல் எழுத்திலும் உயிரோடு வருவதில்லை. விதையைப் போலவே சொல்லும் புழங்கினால்தான் பிழைக்கும்.

நிலமில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. உடைந்த வாளியில் ஒரு தக்காளிச் செடி போதும். மாடியில் ஒரு சாக்கில் ஓர் அவரைக் கொடி போதும். விதை ஊன்றிய நாளையும், முளைத்த நாளையும், முதல் பூ வந்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நாள்தோறும் இரண்டு வரிகள் எழுதினால் போதும், அலங்காரம் வேண்டா, கண்டது கண்டபடி இருக்கட்டும். ஓராண்டு முடிவில் உங்களிடம் ஒரு கைப்பிடி விதையும் ஒரு குறிப்பேடும் இருக்கும். விதையை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆடியில் எழுதிய வரிக்கும் ஆனியில் எழுதிய வரிக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரியும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது ஊரில் உள்ள மூத்தோரிடம் கேட்டு, விதைப்பு, நடவு, விதை சேமிப்பு தொடர்பான 20 வழக்குச் சொற்களைப் பொருளுடன் தொகுக்க.

2. உங்கள் பகுதியில் உள்ள ஒரு மரத்தை ஆறு பெரும்பொழுதுகளிலும் உற்றுநோக்கி, ஒவ்வொரு பொழுதிலும் அதில் காணும் மாற்றத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

3. தென்னையின் வீழ்ச்சியையும் முருங்கையின் துளிர்ப்பையும் கட்டுரையாசிரியர் ஒப்பிடும் முறையை விளக்கி, அக்கருத்துக்குப் பொருத்தமான வாழ்வியல் நிகழ்வொன்றை வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. நீங்கள் எழுதிய கட்டுரையொன்றை ஒரு வாரம் கழித்து மீண்டும் படித்து, மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத் திருத்தி எழுதுக. இரு வடிவங்களையும் ஒப்பிட்டு, நீக்கியவற்றுக்கான காரணங்களைக் குறிப்பிடுக.